டயாலிசிஸ் இயந்திரம் வாங்கித் தர முன்வருவோருக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு நிதி) குழுவினர், ரோட்டரி, லயன்ஸ் சங்கத்தார், அறக்கட்டளை நிர்வாகிகள், வெளிநாட்டிலிருந்து சொந்த ஊருக்கு உதவ நினைக்கும் தமிழ்ச் சங்கத்தார் அனைவருக்கும் வணக்கம்.

சிறுநீரகம் செயலிழந்தவர் பொதுவாக வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ், அதாவது இயந்திரம் மூலம் ரத்தச் சுத்திகரிப்பு, செய்துகொள்ள வேண்டும். நம் ஊரில் பலருக்கு இரண்டு முறைதான் வாய்க்கிறது. இந்தக் குறை தீர வேண்டும் என்றுதான் மருத்துவமனைகளுக்கு இயந்திரம் வாங்கித் தருகிறீர்கள். அந்த நல்ல எண்ணம் வீணாகக் கூடாது என்பதால் இதை எழுதுகிறோம். எத்தனை இயந்திரம் என்று கணக்குப் போட வேண்டாம். எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு டயாலிசிஸ் தடையில்லாமல் நடக்கும் என்று கணக்குப் போடுங்கள்.

ஒரு இயந்திரம் நாளைக்கு இரண்டு ஷிப்ட், வாரம் ஆறு நாள் ஓடினால் வாரத்துக்கு 12 முறை. ஆண்டுக்கு 624 முறை. வாரம் மூன்று முறை என்றால் நான்கு நோயாளிகள். ஒவ்வொரு முறைக்கும் டயலைசர் (ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டி), ரத்தம் போய்வரும் டியூப், ரத்தக்குழாயில் குத்தும் இரண்டு ஃபிஸ்டுலா ஊசிகள், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின், சலைன், ஏ, பி என்ற இரண்டு கரைசல்கள், கையுறை, பஞ்சு எல்லாம் வேண்டும். ரத்தசோகைக்கு எரித்ரோபொயட்டின் ஊசியும் இரும்புச்சத்து ஊசியும் தனிச் செலவு. உதாரணத்துக்கு, சம்பளமும் மின்சாரமும் சேர்த்து ஒரு முறைக்கு 1,500 ரூபாய் என்று வையுங்கள். ஒரே ஆண்டில் 9,36,000 ரூபாய் ஆகிவிடும். இயந்திரமோ பல ஆண்டுகள் உழைக்கக்கூடியது. பெரிய செலவு அதை ஓட்டுவதில்தான் இருக்கிறது. அதற்குத்தான் நன்கொடை வருவதில்லை.

கையில் பணம் இல்லாதபோது முதலில் அடிபடுவது டயலைசர். கழுவி, அதே நோயாளிக்கே மறுபடி பயன்படுத்தும் வழக்கம் பல இடங்களில் உண்டு. முறையாகச் செய்தால் அதில் தவறில்லை. அதன் உட்கொள்ளளவு தொடக்கத்தில் இருந்ததில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் எறிந்துவிட வேண்டும். இருப்பு இல்லாத இடத்தில் அதை எறிய மனம் வராது. நான்கு மணி நேரம் படுத்திருந்தும் நோயாளியின் ரத்தம் சரியாகச் சுத்தமாகாது.

இனி தண்ணீர். திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துபோகும் விஷயம் இதுதான். உயிருக்கு ஆபத்து அதிகம் ஒளிந்திருப்பதும் இங்கேதான். பெரும்பாலும் தண்ணீரான டயாலிசிஸ் கரைசல் நிமிடத்துக்கு 500 மில்லி ஓடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர், வாரத்துக்கு 360 லிட்டர். நலமாக இருப்பவர் வாரம் முழுவதும் குடிப்பது சுமார் 14 லிட்டர்தான். அதையும் குடல் வடிகட்டித்தான் உள்ளே விடுகிறது. டயாலிசிஸில் தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே. ஆகவே குடிநீருக்கான ஆர்.ஓ. பிளான்ட்டை இதற்குப் பயன்படுத்த முடியாது.

ஐந்து இயந்திரம், இரண்டு ஷிப்ட் என்றால் கரைசலுக்கு மட்டும் நாளைக்கு 1,200 லிட்டர் தூய நீர் வேண்டும். கழுவவும் கிருமிநீக்கவும் ஆகும் நீர் தனி. உள்ளே போகும் நீரில் பாதியை ஆர்.ஓ. வெளியேற்றுகிறது என்று கொண்டால் 3,000 லிட்டருக்காவது ஏற்பாடு தேவை. வெளியேறும் நீரைக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் திருப்பிவிடலாம். அந்தக் குழாய்க்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

போர்வெல் நீரில் கடினத்தன்மை அதிகம். அதைக் குறைக்கும் சாஃப்ட்னரில் உப்பு தீர்ந்தால் ஆர்.ஓ.வின் மெம்பிரேனில் (வடிகட்டும் சவ்வில்) சுண்ணாம்பு படியும். கால்சியம் நோயாளியின் ரத்தத்துக்குப் போனால் வாந்தி, தலைவலி, ரத்தக்கொதிப்பு. நகராட்சிக் குடிநீரில் குளோரின் இருக்கும். அதை நீக்கக் கார்பன் டேங்க் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வேண்டும்; தண்ணீர் கார்பனோடு மொத்தம் 10 நிமிடமாவது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். முதல் டேங்க்கைத் தாண்டிய நீரை ஒவ்வொரு ஷிப்ட்டுக்கு முன்னும் சோதிக்க வேண்டும். மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போனால் சிவப்பணுக்கள் உடையும் ஆபத்து உண்டு. பாக்டீரியா மில்லிக்கு 100க்குக் கீழ், எண்டோடாக்சின் (பாக்டீரியா நஞ்சு) மில்லிக்கு 0.25 அலகுக்குக் கீழ் இருக்கிறதா என்று மாதாமாதம் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். தூய நீர் தேங்கி நிற்கும் தொட்டியும் முட்டுச்சந்துபோல் முடியும் குழாயும் கிருமி வளரும் இடங்கள். டயாலிசிஸ் தொடங்கிய சிறிது நேரத்தில் பலருக்கு ஒன்றாகக் குளிர் நடுக்கம் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தண்ணீரைத்தான்.

1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு லாரியில் வந்த நீர்த்தேக்கத் தண்ணீரில் பாசி நஞ்சு கலந்திருந்தது. கல்லீரல் செயலிழந்து 50க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். கோடையில் லாரித் தண்ணீரை நம்பும் ஊர்கள் நம்மிடம் எத்தனை என்பதை நினைத்துப் பாருங்கள்.

உப்பு மூட்டை, கார்பன் மாற்றுதல், சோதனைப் பட்டை, ஆய்வகக் கட்டணம், மெம்பிரேன் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் தனித் தொகை வேண்டும். இயந்திரத்துக்கு உதிரி பாகங்களும் சேர்ந்த பராமரிப்பு ஒப்பந்தம் போடுங்கள். வேலை செய்ய வருவதற்கு மட்டுமான ஒப்பந்தத்தில், ஒரு பம்ப் போனாலே இயந்திரம் மாதக்கணக்கில் மூலையில் நிற்கும். மின்சாரம் நின்றால் இயந்திரத்தின் பேட்டரி சிறிது நேரம் ரத்த பம்ப்பை ஓட்டும், அவ்வளவுதான். ஜெனரேட்டர் இணைப்பில் ஆர்.ஓ. பம்ப்பும் சேர்ந்திருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் அவசியம். மற்ற எல்லோருக்கும் 0, 1, 2, 6 மாதங்களில் இரட்டை அளவு தடுப்பூசி போடுவது மிகக் குறைந்த செலவில் முடியும் காரியம்.

டெக்னீஷியன் சம்பளத்தை நிர்வாகச் செலவு என்று சொல்லிப் பல சி.எஸ்.ஆர். குழுக்கள் நீக்கிவிடுகின்றன. விதி அப்படிச் சொல்லவில்லை. நிர்வாகச் செலவுக்கான 5 விழுக்காடு வரம்பு, நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பணியைப் பொதுவாக நிர்வகிக்கும் செலவுக்குத்தான். ஒரு குறிப்பிட்ட திட்டத்தை நடத்த நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. தொடர் திட்டம் என்று அறிவித்தால், தொடங்கும் ஆண்டு போக மேலும் மூன்று நிதியாண்டுகள் வரை நடத்தலாம். அந்த ஆண்டு செலவாகாத பணத்தை, நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்றினால் போதும். மார்ச் மாத அவசரத்தில் இயந்திரமாக வாங்கிக் குவிக்கச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

வெளிநாட்டு அன்பர்களுக்கு: இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நிதிதான். சங்கத்தின் பெயரில் வரும் பணமும் அப்படியே. அதைப் பெற அறக்கட்டளைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். பெற்ற அறக்கட்டளை அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. பணம் அனுப்புவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

மருத்துவமனையிடமும் ஒன்று கேட்க வேண்டும்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கு அங்கீகாரம் பெற்றிருக்கிறதா? பெற்றிருந்தால் அட்டை உள்ளவர்களின் அடிப்படைச் செலவு அதில் வந்துவிடும். உங்கள் பணத்தைக் காப்பீடு எட்டாத இடத்துக்குத் திருப்பலாம். பேருந்துக் கட்டணம் அப்படி ஓர் இடம். துணைக்கு வருபவரும் வாரம் மூன்று நாள் கூலி இழக்கிறார். போக்குவரத்துக்குக் காசில்லாமல் ஒரு முறையைத் தவறவிட்டால் நுரையீரலில் நீர் கோத்து, இரவில் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிவரும்.

கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைப்பது) அறுவையை முன்கூட்டியே செய்யவும் உதவுங்கள். அது முதிர ஆறு வாரமாவது ஆகும். அதுவரை காத்திருக்க முடியாமல் கழுத்தில் குழாய் போட்டவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு பல மடங்கு. கடைசியாக, மொத்தத் தொகையில் ஒரு பங்கை நோய் வருமுன் செலவிடுங்கள். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவும் பார்த்தால் பாதிப்பைப் பல ஆண்டுகள் முன்பே பிடிக்கலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மருந்தோடு வீடு தேடிப் போகிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் பட்டியலிலிருந்தே தொடங்கலாம். அந்த வட்டார ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் முதலில் பேசுங்கள்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் பிரிவுகளில் பணிபுரியும் டெக்னீஷியன்கள், செவிலியர்கள், கருவிப் பராமரிப்புப் பொறியாளர்கள்