பக்கத்து வீட்டின் விலை

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அக்காவும் அவள் பிள்ளைகளும் நலமாக இருக்கிறோம். உன் நலத்தை நீ எழுதினால்தான் நாங்கள் அறிய முடியும். தொலைபேசியில் "நன்றாக இருக்கிறேன் உம்மா" என்பதற்கு மேல் உன்னிடமிருந்து ஒரு சொல்லும் வருவதில்லை. நான்கு வெள்ளிக்கிழமைகளாக அந்தச் சொல்லும் இல்லை. ஜும்ஆ முடிந்து கூஸ்கூஸ் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்காரும் நேரத்தில் நீ அழைப்பாய் என்று தொலைபேசியை மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

நம் தெருவிலிருந்து லியோனுக்குப் பேருந்தில் புறப்படுபவரிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு ஜாடி க்லீயும், வசந்த காலத்தில் வீட்டிலேயே வடித்த ஆரஞ்சுப் பூ நீர் ஒரு போத்தலும் கொடுத்தனுப்புகிறேன். இந்த ஆண்டு வெயில் நன்றாக இருந்ததால் இறைச்சி சீராகக் காய்ந்தது. நீள நீளமாக அரிந்து, பூண்டும் கொத்தமல்லி விதையும் சீரகமும் உப்பும் தடவி ஊறவைத்து, மொட்டை மாடிக் கொடியில் போட்டுவிட்டுப் பகலெல்லாம் பூனைகள் வராமல் காவல் இருந்தேன். பிறகு கொழுப்பிலும் ஆலிவ் எண்ணெயிலும் தண்ணீர் முழுவதும் வற்றும்வரை வேகவைத்து, மேலே கொழுப்பு உறைந்து மூடும்படி ஜாடியில் ஊற்றியிருக்கிறேன். ஈரக் கரண்டியை அதில் விடாதே. காலையில் இரண்டு துண்டுகளைச் சட்டியில் இட்டு, கொழுப்பு உருகியதும் இரண்டு முட்டைகளை உடைத்து ஊற்றி, ரொட்டியோடு சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ. வெறும் காப்பியைக் குடித்துவிட்டு ஓடாதே. அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்கிறார்கள். வெறும் வயிற்றோடு குளிரில் இறங்கக் கூடாது.

இங்கே சென்ற வாரம் முதல் மழை பெய்தது. முற்றத்தின் நடுவில் நீ மீன் என்று சொல்லி விளையாடிய அந்தப் பச்சைச் செல்லீஜ் ஓடுகள் நனைந்ததும் எப்போதும் போலப் பளபளத்தன. வடக்குச் சுவரின் விரிசலில் மட்டும் இந்த முறை என் சுண்டுவிரல் முழுவதும் நுழைகிறது. அந்தச் சுவர் பக்கத்து வீட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது, பக்கத்து வீடு அடுத்த வீட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது. ஃபெஸ் நகரின் பழைய பகுதியான இந்த மதீனாவில் ஒரு வீடு தனியாக விழுவதில்லை என்று உன் பாட்டனார் சொல்வார். தெருவின் குறுக்கே கொடுத்திருக்கும் முட்டு மரங்களுக்கு அடியில் கோவேறு கழுதைகள் இன்னும் எரிவாயு உருளைகளைச் சுமந்துகொண்டு போகின்றன.

பக்கத்து வீட்டை வாங்கிய வெளிநாட்டுக்காரர் அதை விருந்தினர் விடுதியாக மாற்றுகிறார். நியாயமாகச் சொல்ல வேண்டும், வேலையை ஒழுங்காகச் செய்கிறார். நம்மவர்கள் சிமெண்ட் பூசி, ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரின் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்க விடுகிறார்கள். அவரோ சுண்ணாம்பையே குழைக்கச் சொல்கிறார். பென் ஜெல்லிக் என்ற இடத்து மண்ணில் செய்த ஓடுகளை ஒவ்வொன்றாக உளியால் கொத்தும் ஓசை அஸர் நேரம் வரைக்கும் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிறது.

அந்த வீட்டைப் பற்றித்தான் நீ கடைசியாகப் பேசியபோது கேட்டாய். "பக்கத்து வீடு எவ்வளவுக்குப் போனது உம்மா?" என்றாய். எனக்கு எப்படித் தெரியும் என்று கூறி, உன் அக்காவின் இளையவனுக்குப் பல் முளைத்த செய்திக்குப் பேச்சை மாற்றிவிட்டேன். நீ இந்த வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து இதுவரை ஒரு பொருளின் விலையையும் என்னிடம் கேட்டதில்லை. பெருநாளுக்கு ஆடு வாங்கப் பணம் அனுப்பும்போதுகூட, ஆடு என்ன விலை என்று கேட்காமல் கூடுதலாகவே அனுப்புகிறவன் நீ. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சாப்பிடுகிறாய் அல்லவா? காலையில் சாப்பிடு.

இன்று காலை ரொட்டிப் பலகையை நானே தலையில் வைத்து, தெருவின் பொது அடுப்பான ஃபர்ரானுக்குக் கொண்டு போனேன். இந்தத் தெருவில் மாவு பிசைந்து அடுப்புக்கு அனுப்புகிற வீடுகள் இப்போது மிகக் குறைவு. அடுப்புக்காரர் முதுமையடைந்துவிட்டார், ஆனால் துணியை விலக்கியதும், ஓரத்தில் பெருவிரலால் அழுத்திய குழியைப் பார்த்து, "பொறியாளர் வீட்டு ரொட்டி" என்றார். உன் பெயரால்தான் இந்த வீட்டை இப்போது அடையாளம் சொல்கிறார்கள். ஏழு வயதில் உன்னைவிட அகலமான பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு, கழுதைக்காரர்களைப் போலவே "பாலாக், பாலாக்" என்று கத்தியபடி பெரிய மனிதர்களை விலகச் செய்து ஓடிய பிள்ளை நீ. அந்தப் பிள்ளை, தன் அக்கா மகனுக்குப் பெயர் சூட்டிய ஏழாம் நாளுக்கு வரவில்லை. பயணச்சீட்டு கிடைக்கவில்லை என்றாய். உன் அக்கா அதை நம்பினாள். நானும் நம்புவதாகச் சொன்னேன்.

அடுப்பில் இன்று தச்சுப் பட்டறையிலிருந்து வந்த தேவதாருச் சீவல்களைப் போட்டிருந்தார்கள். அந்த வாசனை என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. இனி எழுதப்போவதை நான் எவரிடமும் சொன்னதில்லை.

பெரிய அறையின் இரட்டைக் கதவு உனக்கு நினைவிருக்கும். அட்லஸ் மலைத் தேவதாருவில் செய்தது, சிறு கதவு உள்ளே பொருந்தியது, சிவப்புப் பூக்கள் தீட்டியது. 1981-ஆம் ஆண்டு, நம் மதீனாவை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அதே ஆண்டில், நான் மணமகளாக வந்து அந்தக் கதவுக்கு முன்னால்தான் உன் பாட்டியின் கையை முத்தமிட்டேன். நீ பிரான்சுக்குப் புறப்பட்ட ஆண்டில், கதவைக் கறையான் அரித்துவிட்டது, பழுது பார்க்கத் தச்சரிடம் போயிருக்கிறது என்று சொன்னேன். காசாபிளாங்காவிலிருந்து பெருநாளுக்கு வந்த உன் சாச்சாமாரிடமும் அதையே சொன்னேன். கதவைக் கறையான் தொடவே இல்லை. பழம்பொருள் வியாபாரி ஒருவர் அதிகாலையில் நான்கு கூலியாட்களோடு வந்து எடுத்துப் போனார். அந்தப் பணத்தில்தான் உன் முதல் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டினேன்.

என் தங்க ஒட்டியாணத்தை விற்றுக் கட்டியதாக உன்னிடம் சொன்னேன். நீ அழுதுகொண்டே என் இரு கைகளையும் முத்தமிட்டாய். அந்த முத்தத்தையும் நான் வாங்கிக்கொண்டேன். ஒட்டியாணம் இன்றும் பெட்டியில் இருக்கிறது. அது எனக்கே உரியதாக இருந்தும் அதைத் தொட மனம் வராமல், உன் வாப்பாவுக்கும் சாச்சாமாருக்கும் பங்குள்ள கதவை, அவர்களைக் கேட்காமல் விற்றேன். உன் வாப்பா மவுத்தாகி ஓராண்டுகூட ஆகவில்லை. எவரிடமும் கை நீட்டக் கூடாது என்ற பெருமை எனக்குப் பெரிதாக இருந்தது. அந்த இடத்தில் இத்தனை ஆண்டுகளாகத் தொங்கும் திரையைப் பார்த்து, "தச்சர் இன்னும் தரவில்லையா உம்மா?" என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் நீ கேட்டாய். ஒரு கோடையில் அவர் பட்டறைக்கே போய்ச் சண்டை போடப் புறப்பட்ட உன்னை, உனக்கு மரியாதை தெரியாதா என்று திட்டினேன். ஒரு தவறும் செய்யாத அந்த மனிதர் மேல் உனக்கு இன்றுவரை கோபம் இருக்கிறது. அதற்கு நானே காரணம்.

இந்த வீட்டில் விலை பேசிய முதல் ஆள் நான். அப்படியிருக்க, ஒரு விலையைக் கேட்டதற்காக உன்னிடம் குரல் மாறிப் பேசினேன். நீ கவனித்திருப்பாய்; அதன் பிறகுதான் அழைப்பு நின்றது. சாச்சாமார் பெருநாளுக்கு வரும்போது கதவின் உண்மையைச் சொல்லிவிடுவேன். உனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

உன் சம்பளத்தைப் பற்றியோ வேலையைப் பற்றியோ நான் கேட்கப்போவதில்லை. நீ வளர்ந்த பிள்ளை. ஆனால் ஒட்டியாணத்தை எடைபோட்டு வைத்திருக்கிறேன். அதற்கு எவருடைய கையொப்பமும் வேண்டாம். வீட்டை விற்பதென்றால் எல்லா வாரிசுகளும் நோட்டரியிடம் வந்து கையெழுத்திட வேண்டும்; அதுவும் நடக்கக் கூடாத காரியம் என்று இனி நான் சொல்லமாட்டேன். எது வேண்டும் என்பதை உன் வாயிலிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

ஜாடியைச் சாளரத்தின் ஓரத்தில், வெயில் படாத இடத்தில் வை. காலையில் சாப்பிடு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தொலைபேசி என் மடியில்தான் இருக்கும்.

பக்கத்து வீடு ஒன்பது லட்சம் திர்ஹமுக்குப் போனது. எனக்கு அன்றே தெரியும்.

உன் உம்மா