செயலாளரின் ஆண்டறிக்கை: பிரிவுத் தேர்வுப் படிவமும் பிறவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் நம் கார் பந்தயக் கழக உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு ஐந்து முறை கூடியது. மூன்று முறைதான் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை, இருந்தது. தீயணைப்புப் பயிற்சி நடந்தது. பந்தயத்தில் கொடி காட்டுவோருக்கான வகுப்பும் நடந்தது.

இனி, வண்டி எந்தப் போட்டிப் பிரிவில் ஓடும் என்று எழுதித் தரும் பிரிவுத் தேர்வுப் படிவம். வெட்டிக் காகித வேலை என்று சிலர் பேசியது காதில் விழுந்தது. ஸ்க்ரூட்டினியில், அதாவது வண்டிச் சோதனையில், வாதாடுவோர் பெரும்பாலும் அதை நிரப்பாதவர்களே என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வண்டியில் எத்தனை மாற்றம் செய்தீர்கள் என்பது முக்கியமில்லை. எல்லை தாண்டிய ஒரே ஒரு பாகம் போதும், வண்டி மேல் பிரிவுக்குப் போய்விடும். ஷாக், பிரேக் பேட், ஏர் ஃபில்டர் எல்லாம் பெரும்பாலும் கீழ்ப் பிரிவிலேயே செல்லும். சக்கரச் சாய்வை மாற்றும் ஒரு கேம்பர் பிளேட்டோ, சஸ்பென்ஷன் மூட்டில் ரப்பருக்குப் பதிலாகப் போடும் பாலியூரித்தேன் புஷ்ஷோ வந்தால் பல விதிநூல்களில் கதை மாறிவிடும். ஆகவே விதிநூலை மிகக் கீழ்ப் பிரிவிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். பாகங்களின் பட்டியலைக் கையில் வைத்து ஒவ்வொன்றாக டிக் செய்து வாருங்கள். முதல் ‘கூடாது’ வந்ததும் அங்கே நிறுத்தி அடுத்த பிரிவுக்குப் போங்கள். எழுதாதது எல்லாம் அனுமதி என்பது தவறான எண்ணம். தொழிற்சாலையில் தயாரித்து விற்கும் வண்டிகளுக்கான பிரிவுகளில், அனுமதி என்று எழுதியிராதது கூடாது.

பிரிவு தெரிந்தபின்தான் பாகத்தைக் கழற்றுவதா, மேல் பிரிவில் ஓடுவதா என்ற கேள்வி. ஸ்பிரிங்கும் இசியூ மேப்பும் (எஞ்சின் கணினியின் அமைப்பு) மட்டும் தடை என்றால் பழையதைப் போட்டுவிடலாம். உள்ளே எல்லாம் பிய்த்து, ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டான கேஜை வெல்டு செய்தாகிவிட்டது என்றால் திரும்ப வழியில்லை. மேல் பிரிவின் எல்லைவரை வண்டியைத் தயார் செய்வதே புத்தி.

டர்போ வண்டிக்காரர்கள் கவனிக்க: டர்போ எஞ்சினின் கொள்ளளவை உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் பெருக்கல் எண் 1.7-ஆல் பெருக்கிப் பிரிவு பார்க்கும் போட்டிகளில் 1400 சிசி டர்போ 2380 சிசியாகிவிடும். 2000 சிசிக்குக் கீழான பிரிவில் பெயர் கொடுத்துவிட்டு வருத்தப்பட்டுப் பயனில்லை.

எடை-திறன் பிரிவில், ஓட்டுநரோடு 1120 கிலோ, 160 குதிரைத்திறன் என்றால் குதிரைத்திறனுக்குச் சரியாக 7 கிலோ. இருபது லிட்டர் பெட்ரோல் தீர்ந்தால் ஏறக்குறைய 15 கிலோ குறையும், விகிதம் 6.9. பந்தயம் முடிந்து எடை போடும்போது குறைந்தபட்ச எல்லை 7 என்றால் தகுதி நீக்கம்தான். குறையும் அந்த எடைக்கு ஈடாக பேலஸ்ட்டை, அதாவது கூடுதல் எடைக்கட்டியை, வண்டித் தரையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். மூட்டையில் கட்டி வைப்பது பேலஸ்ட் அல்ல, ஏவுகணை.

டயரின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் எண்ணை, அதாவது தேய்மானத்தைத் தாங்கும் அளவைக் காட்டும் எண்ணை, பாருங்கள். 200-க்குக் குறைந்தால் சாலை டயர் பிரிவுகள் பலவற்றில் இடமில்லை. கேஜின் பிரதான வளைவுக்கு எஃப்ஐஏ விதிப்படி 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும், அல்லது 50-உம் 2.0-உம், தையலில்லாக் குழாயில் வேண்டும். தண்ணீர்க்குழாய் வளைப்பவரிடம் செய்துகொண்டு வர வேண்டாம்.

வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாகிவிட்டன, விவரம் பொருளாளரிடம். சந்தா பாக்கி வைத்திருப்போரின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று செயற்குழு தீர்மானித்தது. நான் ஒப்புக்கொண்டது மனமில்லாமல்தான். கொடி பிடித்தவர்களுக்கும், ஸ்க்ரூட்டினி மேசையில் வெயிலில் நின்றவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக எடை பார்க்கும் தராசு வாங்க எண்ணம். இருக்கும் நிதியில் ஒரு சக்கரத்துக்குத்தான் வாங்க முடியும். படிவங்கள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. பொருளாளரின் ரசீதுப் புத்தகமும் அதே மேசையில்தான்.

செயலாளர்