இரங்கற்பாவில் கண்ணீர் எதற்கு?

ஆசிரியருக்கு,

அஞ்சலிக் கவிதைகளில் ‘கண்ணீர்’, ‘இதயம்’, ‘இடி’ ஆகியவை முதல் நான்கு வரிக்குள் வந்துவிடுகின்றன. துயரத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் வாசகனுக்கு உணர என்ன மிச்சம்?

மூவேந்தரிடம் தந்தை பாரியையும் அவன் பறம்பு மலையையும் இழந்த பாரி மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாடலைப் பாருங்கள். ஐந்தே அடிகள், அழுகையைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. ‘அற்றைத் திங்கள்’ (அன்றைய மாதத்து) நிலவில் தந்தை முன்னே, குன்று பின்னே: ‘எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார்’. ‘இற்றைத் திங்கள்’ (இந்த மாதத்து) நிலவில் வரிசை புரள்கிறது. ‘கொளார்’ என்றது ‘கொண்டார்’ ஆகிறது. ‘உடையேம்’ என்றது கடைசியில் ‘எந்தையும் இலமே’ என்று முடிகிறது. பெரிய இழப்பைக் கடைசிச் சொல்வரை தள்ளிவைத்ததில்தான் கனம். ‘வென்று எறி முரசின்’ என்ற ஆடம்பர அடைமொழியோ பகை வேந்தருக்கு. தங்களுக்கு எதுவும் இல்லை.

அச்சுக்கு அனுப்புமுன் உணர்ச்சிப் பெயர்களையும் ஆச்சரியக்குறிகளையும் அடித்துவிட்டு வாசித்துப் பாருங்கள். எஞ்சியதில் இறந்தவருக்கே உரிய ஒரு பொருளோ பழக்கமோ இல்லையென்றால், அந்தக் கவிதை யாருக்கும் பொருந்தும். பெயரை மாற்றி அடுத்த வாரமும் வெளியிடலாம்!

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்