நான் தைத்த தொட்டில் பம்பரை நானே பிரித்தேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறக்கப்போகும் குழந்தைக்கு அறையைத் தயார் செய்வது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சுவரின் நிறம், விளக்கின் வெளிச்சம், சன்னல் திரை என ஒவ்வொன்றையும் பொறுமையாகவும் பயன்படும்படியும் எழுதியிருந்தார்கள். ஆனால் கட்டுரையோடு வந்த படத்தில், மரச்சட்டம் வைத்த தொட்டிலின் நான்கு பக்கங்களிலும் உட்புறமாகப் பஞ்சு அடைத்த ‘பம்பர்’ என்ற துணித் தடுப்பு கட்டப்பட்டிருந்தது. படத்தின் கீழே ‘மென்மையும் பாதுகாப்பும்’ என்று போட்டிருந்தீர்கள். மென்மையைப் பற்றி எனக்கு வழக்கில்லை. பாதுகாப்பு என்ற சொல்லைப் பற்றியே இக்கடிதம்.

நான் தையல் தெரிந்தவள். என் மகளுக்குக் குழந்தை பிறக்கும் முன்பே, கேட்காமலே, ஒரு பம்பர் தைத்துக் கொடுத்தேன். ஆறு துண்டுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் தடிமனுக்குப் பாலியெஸ்டர் பஞ்சு, ஓரம் முழுவதும் குழாய்த் தையல், சட்டத்தோடு சேர்த்துக் கட்டப் பன்னிரண்டு நாடாக்கள். மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். பேரன் தலையைச் சட்டத்தில் இடித்துக்கொள்ளக் கூடாது, கை கால் இடுக்கில் மாட்டக் கூடாது என்பதைத் தவிர அப்போது என் மனத்தில் வேறு எண்ணம் இல்லை. மகளும் மருமகனும் என் முகத்துக்காகவோ என்னவோ, மறுப்புச் சொல்லாமல் கட்டினார்கள்.

முதல் மூன்று மாதமும் குழந்தை வைத்த இடத்தில் கிடந்தான். நான்காம் மாதத்தில் ஒரு பிற்பகல், தூங்குகிறானா என்று எட்டிப் பார்த்தேன். படுக்க வைத்த இடத்திலிருந்து நகர்ந்து, ஒருக்களித்து, தொட்டிலின் மூலையில் மூக்கும் வாயும் பம்பரில் பதிய உறங்கிக்கொண்டிருந்தான். தூக்கித் தோளில் போட்டதும் சிணுங்கினான், அவனுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவன் முகம் இருந்த இடத்தில், நான் தைத்த துணியில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். தொட்டுப் பார்த்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. எச்சில் பாதி, மூச்சின் ஈரம் பாதி. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தான் என்று எனக்குத் தெரியாது.

அன்று மாலையே மகள் பம்பரை அவிழ்த்து வைத்துவிட்டாள். நான் விடவில்லை. “ஒரு தடவை அப்படிப் படுத்துவிட்டான் என்பதற்காகக் குழந்தையை வெறும் கட்டையில் இடிக்க விடுவாயா?” என்று கேட்டேன். “இடித்தால் அழுவான் அம்மா, எனக்குக் கேட்கும். மூச்சு முட்டினால் எனக்கு எப்படிக் கேட்கும்?” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொல்வது தவறென்று காட்டுவதற்காகவே நான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

படித்ததில் முதலில் தெரிந்துகொண்டது, பம்பர் ஏன் வந்தது என்பது. பழைய தொட்டில்களில் சட்டங்களுக்கிடையே இடைவெளி மிக அகலமாக இருந்தது. குழந்தையின் உடல் அதில் நுழைந்து வெளியே சரிய, தலை மட்டும் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்மையாகவே இருந்தது. அந்த இடைவெளியை மறைக்கத் துணியும் பஞ்சும் வைத்துக் கட்டியதில் நியாயம் இருந்தது. பின்னர், அமெரிக்காவில் 1973-இல் வெளியிடப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த விதி, சட்டங்களுக்கிடையே 2 அங்குலமும் ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கும், அதாவது ஏறத்தாழ 6 சென்டிமீட்டர், இடைவெளிக்கு மேல் இருக்கக் கூடாது என்று கூறியது. ஐரோப்பியத் தரவிதியும் கிட்டத்தட்ட இதே அளவைச் சொல்கிறது. அந்த அளவுக்குள் குழந்தையின் உடல் நுழையாது. ஆகவே பம்பர் எதற்காக வந்ததோ அந்த வேலை அரை நூற்றாண்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனாலும் அலங்காரப் பொருளாக, போர்வையோடும் தலையணையோடும் சேர்ந்த ஒரு ‘செட்’ ஆக அது விற்பனையில் நிலைத்துவிட்டது. பாதுகாப்பு என்ற பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

இனி ஆபத்து எப்படி நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் ‘மூச்சு முட்டும்’ என்று ஒரு சொல்லில் சொன்னால் பலர் நம்புவதில்லை, நானும் நம்பவில்லை. கைக்குழந்தையின் தலை உடலோடு ஒப்பிட்டால் பெரியது, கழுத்துத் தசையோ வலுவற்றது. புரண்டு ஓர் இடத்துக்குப் போகத் தெரிந்த குழந்தைக்கு, அங்கிருந்து தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள எப்போதும் தெரிந்திருப்பதில்லை. போவதற்கும் மீள்வதற்கும் இடையே சில வாரங்களோ மாதங்களோ ஆகும். முகம் பஞ்சில் பதிந்ததும், மூக்கு முழுவதுமாக அடைபடாவிட்டாலும், வெளிவிடும் மூச்சு துணிக்குள்ளும் பஞ்சுக்குள்ளும் தங்கி, கார்பன் டை ஆக்சைடு மிகுந்த அதே காற்றைக் குழந்தை மீண்டும் உள்ளிழுக்கிறது. நமக்கு அப்படி நேர்ந்தால் உடல் திடுக்கிட்டு நம்மை எழுப்பிவிடும், தலையைத் திருப்பிக்கொள்வோம். சில குழந்தைகளுக்கு அந்த விழிப்பு உரிய நேரத்தில் வருவதில்லை. அவை அழுவதும் இல்லை. என் விரலில் பட்ட அந்த வெதுவெதுப்பான ஈரத்தின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவை தவிர, மெத்தைக்கும் பம்பருக்கும் நடுவில் குழந்தை செருகிக்கொள்வதும், அவிழ்ந்த நாடா கழுத்தில் சுற்றிக்கொள்வதும் உண்டு. எழுந்து நிற்கத் தொடங்கிய பிள்ளை பம்பரின் மேல் காலை வைத்து ஏறித் தொட்டிலுக்கு வெளியே தலைகுப்புற விழுவதும் நடக்கிறது. நான் தைத்த பன்னிரண்டு நாடாவையும் எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

பிராட்லி தாக் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவுகளைப் புரட்டி, 1985 முதல் 2005 வரை பம்பரோடு தொடர்புடைய 27 குழந்தை மரணங்களை எடுத்துக்காட்டியது. பின்னர் 2012 வரையிலான பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த எண்ணிக்கை 48 ஆயிற்று. இவை ஆணையத்துக்கு வந்து சேர்ந்த செய்திகள் மட்டுமே. லட்சக்கணக்கான தொட்டில்களுக்கு நடுவே இது சிறிய எண் அல்லவா என்று கேட்கலாம், சிறிய எண்தான். “எத்தனையோ பிள்ளைகள் பம்பருக்குள் வளர்ந்து ஆளாகவில்லையா?” என்று என் சம்பந்தியம்மா கேட்டபோது என்னாலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் தராசின் மறுதட்டில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பம்பர் தடுக்கும் காயங்கள் எவை என்றும் அதே 2007 ஆய்வு பார்த்தது. பெரும்பாலும் சிராய்ப்பும் கன்றிப்போன இடமுமாகச் சில நாளில் ஆறிவிடுபவை. தானாகப் புரளும் வலு மட்டுமே உள்ள குழந்தை, சட்டத்தில் தலையை உடைத்துக்கொள்ளும் வேகத்தில் மோதுவதில்லை. கால் இடுக்கில் மாட்டினால் வீறிட்டு அழும், போய் எடுத்துவிடலாம். ஒரு பக்கம் ஆறக்கூடிய வீக்கம், மறுபக்கம் மீளாத இழப்பு. இரண்டாவது எத்தனை அரிதாக இருந்தாலும், முதலாவதைத் தவிர்ப்பதற்காக அதை வீட்டுக்குள் அழைக்க வேண்டியதில்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011-இலிருந்து பம்பர் வேண்டாம் என்று சொல்லிவருகிறது. அதே ஆண்டில் சிகாகோ நகரமும், 2013-இல் மேரிலாந்து மாநிலமும் அதன் விற்பனையைத் தடை செய்தன. 2022 மே மாதத்தில் கையெழுத்தான சட்டத்தின்படி அவ்வாண்டு நவம்பர் 12 முதல் அமெரிக்கா முழுவதும் பஞ்சு வைத்த பம்பரைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. கனடா அரசின் சுகாதாரத் துறையும், பிரிட்டனில் திடீர்ச் சிசு மரணத்தை, அதாவது காரணம் தெரியாமல் குழந்தை உறக்கத்திலேயே இறந்துவிடுவதை, தடுக்கப் பாடுபடும் லல்லபி டிரஸ்ட் அமைப்பும் இதையே அறிவுறுத்துகின்றன. தடை இல்லாத இடங்களில் பம்பர் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. கிடைக்கிறது என்பதாலேயே யாரோ சோதித்துப் பார்த்து அனுமதித்திருப்பார்கள் என்று பெற்றோர் எண்ணிக்கொள்கிறார்கள்.

வலைத்துணியில் செய்த, காற்றுப் புகும் பம்பரைப் பற்றியும் கேட்பார்கள். பஞ்சில்லாத வலைத் தடுப்பை அமெரிக்கச் சட்டம் தடை செய்யவில்லை என்பது உண்மை. பஞ்சு வைத்ததைவிட அதில் மூச்சுத் திணறும் வாய்ப்புக் குறைவு என்பதும் புரிகிறது. ஆனால் அதுவும் நாடாவாலோ ஒட்டுப்பட்டையாலோதான் கட்டப்படுகிறது. பலமுறை துவைத்தபின் தொய்கிறது. தொய்ந்த துணிக்கும் மெத்தைக்கும் நடுவே ஓர் இடுக்கு உண்டாகிறது. குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை, தொட்டிலின் சட்டங்களிலும் பக்கங்களிலும் கட்டும் இதுபோன்ற எந்தப் பொருளும் வேண்டாம் என்பதே. என் மகளைக் கேட்டால், கால் மாட்டிக்கொள்வதுதான் கவலை என்றால் குழந்தைக்கு உறக்கப் பையை (போர்வைக்குப் பதிலாக உடைபோல் அணிவிக்கும் பை) அளவாக மாட்டிவிடுங்கள், பையோடு கால் இடுக்கில் எளிதில் நுழையாது என்பாள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

பழைய தொட்டிலை யாரிடமிருந்தாவது வாங்கிக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. அளவுகோல் வைத்துச் சட்டங்களுக்கிடையே அளந்து பாருங்கள். கைக்கு ஏதும் கிடைக்காவிட்டால் குளிர்பானத் தகரக் குப்பியை வைத்துப் பாருங்கள். அது உள்ளே போனால் அந்த இடைவெளி அதிகம். அப்போது செய்ய வேண்டியது தொட்டிலை மாற்றுவது. பம்பர் கட்டி அந்த இடைவெளியை மூடுவது ஓர் ஆபத்தின் மேல் இன்னோர் ஆபத்தைப் போர்த்துவதாகும். மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தைக்கும் தொட்டில் பக்கத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. மேலே இறுக்கமாகப் பொருந்திய விரிப்பு ஒன்று போதும். தலையணை, பொம்மை, கனத்த போர்வை எதுவும் முதல் ஆண்டில் தொட்டிலுக்குள் வேண்டாம். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும்.

மல்லாக்க என்று எழுதும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. குப்புறப் படுக்க வைத்தால் கக்கிய பால் மூச்சுக்குழாயில் போகாது என்று ஒரு காலத்தில் மேலை நாட்டு மருத்துவர்களே சொன்னார்கள், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும், 1994-இல் அமெரிக்காவிலும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் தொடங்கியபின், திடீர்ச் சிசு மரண விகிதம் அங்கே பாதிக்கும் கீழே இறங்கியது. அதற்கு முன் பிள்ளைகளைக் குப்புறப் போட்டு வளர்த்த தாய்மார் அக்கறை இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டோம். அந்த நினைப்பு, என் தையலை நானே பிரிக்க உட்கார்ந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பஞ்சை நாற்காலித் திண்டுகளுக்கு வைத்துக்கொண்டேன், துணியை வேறொன்றுக்கு எடுத்துவைத்தேன், நாடாக்களைக் குப்பையில் போட்டேன்.

என் வருத்தம் கட்டுரை எழுதியவர் மீது அல்ல. தொட்டில் என்றாலே நம் எல்லோர் கண்முன்னும் வந்து நிற்கிற படம் அதுதான். விளம்பரத்திலும் வாழ்த்து அட்டையிலும் தொட்டில் எப்போதும் மெத்துமெத்தென்றே காட்டப்படுகிறது. விரிப்பு மட்டும் போட்ட தொட்டில் ஏதோ ஏழ்மையாகவும் அக்கறைக் குறைவாகவும் தோன்றுகிறது. எனக்கே பம்பரை அவிழ்த்த முதல் வாரம், அந்தத் தொட்டிலைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. முதல் குழந்தைக்குத் தயாராகும் ஓர் இளம் தாய், மருத்துவர் சொன்ன ஒரு வரியைவிடத் தங்கள் இதழில் கண்ட படத்தையே மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகக்கூடும்.

ஆகவே அடுத்த ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அந்தப் படத்தைப் பற்றி ஒரு திருத்தக் குறிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூடவே, கெட்டி மெத்தையும் இறுக்கமான விரிப்பும் தவிர ஒன்றுமில்லாத ஒரு தொட்டிலின் படத்தையும் அச்சிட்டால் நன்றாக இருக்கும். புகைப்படம் கிடைக்கவில்லை என்றால் எழுதுங்கள்; என் பேரனின் தொட்டிலைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி