விக்கைக் கழற்றிய பாரிஸ்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் லண்டனில் கிரிமினல் வழக்குகளில் கோர்ட்டில் நின்று வாதாடும் வக்கீல்களான பாரிஸ்டர்களைப் பற்றி எழுதியவர், "குழந்தையிடம் அத்துமீறியதாகப் பிடிபட்டவனுக்குக்கூட வாதாட வந்துவிடுகிறார்களே, காசு கொடுத்தால் எதையும் பேசுவார்களா?" என்று கேட்டிருந்தார். குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் பன்னிரண்டு பேரில் ஒருவனாக உட்காரும்வரை நானும் அதையே கேட்டுக்கொண்டிருந்தவன்தான்.

சில வருடங்களுக்கு முன், கிழக்கு லண்டனில் ஒரு கிரவுன் கோர்ட், அதாவது பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம். ஜூரி அறைக்குள் பேசியதை வெளியே சொல்வது இங்கே குற்றம். இத்தகைய வழக்குகளில் புகார் கொடுத்தவரின் அடையாளத்தையும் அவர் ஆயுள் முழுக்க வெளியிடக் கூடாது. அதனால் எல்லோர் முன்னாலும் நடந்ததில் கொஞ்சம் மட்டும் சொல்கிறேன்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு பெண் பாரிஸ்டர். கறுப்பு அங்கியும் குதிரைமுடி விக்குமாக அவர் எழுந்தபோது, அந்தச் சிறுமியை என்ன பாடு படுத்தப்போகிறாரோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் சிறுமி சாட்சிக் கூண்டுக்கு வரவே இல்லை. குறுக்கு விசாரணையை முன்பே வீடியோவில் பதிவு செய்திருந்தார்கள். சிறார் போன்ற சாட்சிகளைப் பாதுகாக்கும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு தரும் ஏற்பாடு இது. சட்டம் வந்தும் 2013 கடைசியில்தான் மூன்று ஊர்களில் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். அரசாங்கம் எங்கும் ஒரே வேகம்தான் போலிருக்கிறது.

திரையில் அதே அம்மையார், விக்கும் அங்கியும் இல்லாமல். ஒவ்வொரு கேள்வியும் நாலைந்து சொல்லுக்கு மேல் போகவில்லை. "அப்போது அறையில் யார் இருந்தார்கள்?" "கதவு திறந்திருந்ததா?" பதில் வரும்வரை காத்திருந்தார். "இப்படித்தானே நடந்தது, இல்லையா?" என்று வாலில் கொக்கி மாட்டிய கேள்வி ஒன்றுகூட இல்லை. இம்மாதிரி வழக்குகளில் கேள்விகளை முன்கூட்டியே எழுதி நீதிபதியிடம் காட்ட வேண்டும், தேவைப்பட்டால் குழந்தைக்குப் புரியுமா என்று பார்த்துச் சொல்லத் தனியாக ஓர் ஆள் இருப்பார் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. அதற்காக அவர் தன் கட்சிக்காரரைக் கைவிடவும் இல்லை. சொன்னதில் இருந்த முரண்களைக் குழந்தையின் முகத்தில் எறியாமல், கடைசியில் எங்கள் முன்னால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

அவர் இந்த வழக்கை ஏன் எடுத்தார்? தள்ள முடியாது, அதனால். 'கேப் ரேங்க்' விதி என்பார்கள். ஸ்டாண்டில் முதலில் நிற்கும் டாக்ஸி, வருகிற சவாரியை ஏற்றித்தான் ஆக வேண்டும். "அந்தப் பக்கம் வராது சார்" என்கிற நம்மூர் ஆட்டோ வேலை இங்கே நடக்காது. தன் துறை வழக்கு, நாள் ஒத்துவருகிறது, கட்டணமும் முறையானது என்றால், ஆள் பிடிக்கவில்லை என்று மறுக்கக் கூடாது. அடுத்த மாதமே அதே பாரிஸ்டர் இன்னொரு வழக்கில் அரசுத் தரப்பில் நிற்கலாம். கட்சிக்காரர் "நான்தான் செய்தேன்" என்று அவரிடம் ஒப்புக்கொண்டுவிட்டால், "இவர் செய்யவில்லை" என்று வாதாடவும் முடியாது. அரசுத் தரப்பின் சாட்சியம் போதுமா என்று சோதிக்கலாம், அவ்வளவுதான். இன்னொன்று: பாலியல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரே புகார்தாரரைக் குறுக்கு விசாரணை செய்ய 1999ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. நடுவில் தொழில் தெரிந்த ஒருவர் வந்தே தீர வேண்டும்.

இது வெள்ளைக்காரன் ஊர் விவகாரம் என்று ஒதுக்கவும் முடியாது. கோவையில் போலீஸ்காரர்களுக்காக எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள வக்கீல் சங்கம் போட்ட தீர்மானம் செல்லாது என 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மன்னராட்சியை எதிர்த்து எழுதி வழக்கில் சிக்கிய தாமஸ் பெய்னுக்காக 1792இல் வாதாடி, வேல்ஸ் இளவரசரின் அட்டர்னி ஜெனரல் (தலைமை வழக்கறிஞர்) பதவியைப் பறிகொடுத்த வக்கீல் தாமஸ் எர்ஸ்கினை அந்தத் தீர்ப்பே நினைவுகூர்கிறது.

சரி, காசு விஷயம். இந்த வழக்குகளில் பெரும்பாலும் அரசின் சட்ட உதவிப் பணம்தான். 2022இல் கிரிமினல் பாரிஸ்டர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். தொழிலுக்கு வந்த முதல் மூன்று வருடங்களில் செலவு போக ஆண்டுக்கு 12,200 பவுண்டு அளவில்தான் கையில் நிற்கிறது என்றது அவர்கள் சங்கம். லண்டனில் வாடகைக்கே காணாது. அந்த அக்டோபரில் 15 சதவீத உயர்வுக்கு ஒத்துக்கொண்டு திரும்பினார்கள். ஆனாலும் 2024இல் கிரவுன் கோர்ட்டுகளில் தேங்கிய வழக்குகள் 70,000ஐத் தாண்டிவிட்டன. கட்டுரையாளர் கோபப்பட வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

அடுத்தது எழுதுவதற்கு முன் அவரை லண்டனின் பெரிய கிரிமினல் கோர்ட்டான ஓல்டு பெய்லியின் பொதுமக்கள் கேலரியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர் (பெயர் வேண்டாமே),
ஈஸ்ட் ஹாம், லண்டன்