தாளுக்கு வண்ணம் பூசியவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு விழாவில் எங்கள் மாணவர்கள் வெட்டி ஒட்டிய சுவர்ப்படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டிய பெற்றோர்கள் பலர். அந்த மீன்களின் செதிலும் பனையின் சொரசொரப்பும் கடையில் வாங்கும் வழவழப்புத் தாளில் வந்திருக்காது. அதற்கான தாளைத் தயாரித்துக் கொடுத்தவர்கள் வேறு. இந்த மடல் அவர்களுக்கு.

முதலில் பைண்டிங் அண்ணாச்சி. ஒரு பக்கம் அச்சாகி வீணாகிப்போன மேப்லித்தோ என்னும் வழவழப்புப் பூச்சில்லாத அச்சுத் தாள்களைக் கட்டுக்கட்டாகத் தந்தார். பசை காய்ச்சும் பக்குவமும் அவர் சொன்னதுதான்: ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு சிறுதீயில் கைவிடாமல் கிண்டி, வெண்மை மங்கிப் பளபளத்ததும் இறக்கி, ஆறியபின் துணியில் வடிகட்ட வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்க பைண்டிங் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது தொழில் வழக்கம். “அது நஞ்சு, பிள்ளைகள் கைவைக்கிற பசைக்கு வேண்டாம் சார்” என்று அவரே தடுத்துவிட்டார். அன்றன்று காய்ச்சியதை அன்றே தீர்த்தோம். சமையல் முடிந்ததும் அடுப்பை விட்டுக்கொடுத்த சத்துணவு அக்கா, கரண்டியை மட்டும் கடைசிவரை என்னிடம் தரவில்லை. அதற்கும் நன்றி!

முடிதிருத்தகத் தம்பி பழைய சீப்புகளைக் கழுவிக் கொடுத்தனுப்பினார். தாளை நனைத்து, போஸ்டர் கலர் கலந்த பசையைப் பட்டைத் தூரிகையால் தடவி, ஈரம் காய்வதற்குள் சீப்பை இழுக்க வேண்டும். பல் பட்ட இடம் வெளுக்கும். இடையில் ஒதுங்கும் பசை அடர்ந்து நிற்கும். நெளித்து இழுத்தால் அலை, குறுக்கும் நெடுக்கும் இழுத்தால் கட்டம். பல் உடைந்த சீப்புக்குத்தான் மவுசு அதிகம். அது விடும் தடித்த பட்டை புதுச் சீப்பில் கிடைக்காது. படத்தில் இருக்கும் கடல் முழுவதும் அப்படி வந்ததே.

சனிக்கிழமைகளில் வந்து வண்ணம் தடவிய தாய்மார்களுக்கும், காய்ந்து சுருண்ட தாள்களை நாளிதழ்களுக்கு நடுவே அடுக்கி அம்மிக்கல்லை ஏற்றிய காவலர் ஐயாவுக்கும் பெரிய நன்றி. 1941 அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அதிகம் நிற்க முடியாத பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், கத்தரியால் படம் செய்யத் தொடங்கியபோது, தாள்களுக்கு வண்ணம் பூசிக்கொடுத்தவர்கள் அவருடைய உதவியாளர்கள். அவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை.

மீந்த தாள்களில் பாதியை, நூலகத்தின் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போட அண்ணாச்சி கேட்டிருக்கிறார். மற்றவை ஓவிய அறை பீரோவில் இருக்கின்றன. வேண்டிய ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளலாம். சீப்புகளை மட்டும் தர மாட்டேன்.

நன்றியுடன்,
ஓவிய ஆசிரியர்