கறுப்புக்கு அக்கரை

ஆன்டாப் ஹில், மும்பை
ஜூலை 12

அன்புள்ள தங்கராசு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. இங்கே மழை. துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை, எழுத உட்கார்ந்தால் தாள் நமுத்துப்போய்க் கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் மழை மேல் பழியைப் போட்டுவிட்டு இன்றைக்கு எழுதுகிறேன்.

முட்டு வலிக்கு எண்ணெய் போடுகிறேன் என்று எழுதியிருந்தாய். எண்ணெயோடு நிறுத்தாமல் டாக்டரையும் பார். என் கண் கதை கேட்டாய் அல்லவா? வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை தேதி மாற்றினார்கள். இரண்டு தடவையும் பட்டினியாகப் போய்த் திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை பத்தே நிமிஷம், முடிந்துவிட்டது. இடது கண்ணுக்கு தீபாவளி கழித்து. அதனால் இப்போது எனக்கு இரண்டு உலகம், மக்கா. வலது கண்ணை மட்டும் திறந்தால் சுவர் வெள்ளை, வானம் நீலம். இடது கண்ணால் பார்த்தால் எல்லாவற்றிலும் டீ டிகாக்‌ஷன் ஊற்றிய மாதிரி மஞ்சள். நாற்பது வருஷம் போர்டு எழுதியவன், கடைசிப் பத்து வருஷம் இந்த மஞ்சள் கண்ணோடுதான் கலர் கலக்கியிருக்கிறேன் போலிருக்கிறது. எத்தனை கடைக்காரனுக்கு என்ன நீலம் அடித்துக் கொடுத்தேனோ!

சரி, சின்ன மகளைப் பார்க்க நானும் வீட்டுக்காரியும் பிரான்சு போய்வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஈபிள் கோபுரம் எவ்வளவு உயரம் என்று கேட்டிருந்தாய். தெரியாது, பார்க்கவில்லை. சின்னவள் இருப்பது துலூஸ் என்ற ஊரில். பாரிஸ் பக்கமே நாங்கள் போகவில்லை. அதற்குப் பதிலாக ஒருநாள் ரயிலேற்றி ரோடேஸ் என்ற ஊருக்குக் கூட்டிப்போனாள். அங்கே பியர் சூலாஜ் என்ற ஓவியருக்குத் தனியாக ஒரு மியூசியம், 2014இல் திறந்தது. கட்டடமே துருப்பிடித்த இரும்புப் பெட்டிகளை வரிசையாக அடுக்கிய மாதிரி இருக்கிறது. பெயின்ட் அடிக்காமல் விட்டுவிட்டார்களோ என்று முதலில் நினைத்தேன். வேண்டுமென்றேதான் துருவை அப்படி விட்டிருக்கிறார்களாம்.

உள்ளே போனால் கறுப்பு. மனுஷன், மரம், மாடு எதுவும் கிடையாது. சுவரளவு பெரிய படம், முழுக்கக் கறுப்பு. "இந்தத் தாரைப் பார்க்கவா ரயிலேறி வந்தோம்?" என்று வீட்டுக்காரி கேட்டாள். சின்னவள் முகம் சுண்டிவிட்டது. எனக்கும் முதல் நிமிஷம் அதேதான் தோன்றியது, வாயை மூடிக்கொண்டேன். தார் என்று அவள் சொன்னது அப்படியொன்றும் தப்பில்லை என்பது அப்புறம் தெரிந்தது. 1948 வாக்கில் அந்த ஆள் நிஜமாகவே கண்ணாடி மேல் தார் பூசிப் படம் செய்திருக்கிறார். அதற்கும் முன்னே தச்சர்கள் மரத்துக்குப் பூசுகிற வால்நட் தோல் சாயத்தை எடுத்து, வீட்டுக்கு வெள்ளையடிக்கிற பட்டைப் பிரஷ்ஷால் தாளில் இழுத்திருக்கிறார். இதைக் கேட்டதும் எனக்கு ஆள் மேல் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. நம்ம ஜாதி பிரஷ் அது.

படங்களுக்குப் பெயர் வைக்கவில்லை. "ஓவியம்" என்று போட்டு அகலம், உயரம், தேதி, அவ்வளவுதான். என் பழைய பில் புத்தகத்தைப் பார்ப்பது போலிருந்தது.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு படத்துக்கு முன்னால் நின்று தலையைத் திருப்பினேன். கறுப்பாக இருந்த ஒரு பட்டை சட்டென்று வெள்ளிமாதிரி வெளுத்தது. ஒரு அடி நகர்ந்தேன், அது அணைந்து பக்கத்துப் பட்டை பற்றிக்கொண்டது. கிட்டே போய்ப் பார்த்தால் பெயின்ட் ஒன்றுதான், கறுப்பு ஒன்றுதான். ஒரு இடத்தில் தகட்டால் வழுவழுப்பாக இழுத்திருக்கிறார். இன்னொரு இடத்தில் பிரஷ் வரிவரியாக உழுதுவிட்டுப் போயிருக்கிறது. வழுவழுப்பான இடம் வெளிச்சத்தை ஒரே பக்கம் திருப்பி அடிக்கிறது. வரி உள்ள இடம் அதை உடைத்துச் சிதறடிக்கிறது. அப்புறம் வலது கண்ணை மூடி, இடது கண்ணை மூடி என்று மாற்றிமாற்றிப் பார்த்தேன். ஒரு கண்ணுக்கு அந்த வெளிச்சம் நீலம், இன்னொரு கண்ணுக்கு வெண்கலம். காவலுக்கு நின்ற பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிறுக்கன் என்று நினைத்திருப்பாள்.

எனக்கு அப்போது காலா கோடா பக்கம் எழுதிய ஒரு போர்டு நினைவுக்கு வந்தது. உனக்குச் சொன்னேனா தெரியவில்லை. மேற்குப் பார்த்த கடை. கறுப்பு எனாமலில் தளம், அதன் மேல் மஞ்சள் எழுத்து. கண்ணாடி மாதிரி பளபளப்பாக வரவேண்டும் என்று மூன்று கோட் அடித்தேன். கொண்டுபோய் மாட்டிய அன்று சாயங்காலம் நாலரைக்குக் கடைக்காரர் ஆள் அனுப்பினார். போனால், வெயில் நேரே போர்டில் விழுகிறது, முழுப் போர்டும் வெள்ளை வெளேரென்று எரிகிறது, ஒரு எழுத்து தெரியவில்லை. "என் பெயரை எழுதச் சொன்னால் சூரியனை எழுதி வைத்திருக்கிறாய்" என்று இந்தியில் திட்டினார். உப்புத்தாள் வாங்கி வந்து, ஏணியில் நின்று இரண்டு மணி நேரம் பளபளப்பைத் தேய்த்து எடுத்தேன். கூலியில் பாதிதான் கொடுத்தார். அன்றைக்கு நான் தேய்த்துக் கீழே கொட்டியதைத்தான், மக்கா, இந்த மனுஷன் நாற்பத்து மூன்று வருஷம் உட்கார்ந்து செய்திருக்கிறார்.

அது தொடங்கிய கதையும் நன்றாக இருக்கிறது. 1979 ஜனவரி. ஒரு படத்தோடு மணிக்கணக்கில் போராடி, கறுப்பு மேல் கறுப்பாக அப்பி, கெட்டுப்போய்விட்டது என்று விட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். எழுந்து வந்து பார்த்தால் கறுப்பு தெரியவில்லை, கறுப்பு திருப்பிக்கொடுக்கிற வெளிச்சம் தெரிந்திருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு பெயரும் வைத்தார்: ஊத்ர்நுவார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சீமையைச் சொல்ல அவர்கள் ஊரில் 'ஊத்ர்' என்று சேர்ப்பார்களாம். நம் பாட்டிமார் 'அக்கரைச் சீமை' என்பார்களே, அது. 'நுவார்' என்றால் கறுப்பு. கறுப்புக்கு அக்கரை. சின்னவள் இதைச் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது.

இன்னொன்று, தொழில் சம்பந்தமாக. 2004 வரை ஆயில் பெயின்ட், அப்புறம் அக்ரிலிக்குக்கு மாறிவிட்டார். ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. எண்ணெய்ப் பெயின்ட்டை விரல்கனத்துக்கு அப்பினால் மேலே தோல் கட்டும், உள்ளே மாசக்கணக்கில் காயாது. அக்ரிலிக் சீக்கிரம் இறுகும். உளியால் வெட்டிய மாதிரி ஆழமான வரி போட்டாலும் நிற்கும்.

உளி என்றதும் நீ. அங்கே நின்றுகொண்டு உன்னைத்தான் நினைத்தேன். மயிலாடியில் உன் பட்டறையில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். கருங்கல்லைக் கொத்தின இடம் சாம்பல் வெள்ளை, பாலிஷ் போட்ட இடம் கன்னங்கரேல். ஒரே கல். கல்வெட்டுக்குப் பாலிஷ் கல்லில் எழுத்து வெட்டும்போது நீ பெயின்ட்டே தொடமாட்டாய், எழுத்து தானாக வெள்ளையாக நிற்கும். எனக்கு அதில் பொறாமை உண்டு. நான் எழுத்துக்கு வேறு டப்பா திறக்கவேண்டும், நீ அதே கல்லைச் சொரசொரப்பாக்கினால் போதும். சூலாஜுக்குத் தெரிந்தது உனக்குப் பதினைந்து வயதிலேயே தெரியும், யாரும் மியூசியம் கட்டவில்லை.

நம் சாஸ்தா கோயிலும் ஞாபகம் வந்தது. கரண்டு வராத காலம், மார்கழி விடியல். எண்ணெய்க் காப்பில் சாமி இருட்டோடு இருட்டாக இருப்பார். பூசை செய்கிற போத்தி தீபத்தைத் தூக்கும்போது முதலில் முட்டு மினுங்கும், அப்புறம் மார்பு, அப்புறம் ஒரு கன்னம். தீபம் நகர்ந்தால் கன்னம் மறைந்து மறுகன்னம். இப்போது டியூப் லைட்டும் வெள்ளிக்கவசமும் போட்டுவிட்டார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் தெரிகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. சொன்னால் கோயில் கமிட்டி என்னை ஊருக்குள் விடாது.

சூலாஜ் அந்த ரோடேஸிலேயே 1919இல் பிறந்தவர். சின்னப் பிள்ளையில் வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாராம். என்ன வரைகிறாய் என்று கேட்டதற்கு "பனி" என்றாராம். வீட்டில் சிரித்திருக்கிறார்கள். கறுப்பு பக்கத்தில் இருந்தால்தானே தாள் பனி மாதிரி வெளுக்கும்! 102 வயது வரை இருந்து 2022 அக்டோபரில் போய்ச் சேர்ந்தார். நூறாவது வயதுக்கு பாரிஸில் லூவ்ர் மியூசியத்திலேயே கண்காட்சி வைத்தார்களாம்.

மறுநாள் கோங்க் என்ற சின்ன ஊரில் ஒரு பழைய தேவாலயம் பார்த்தோம். 104 ஜன்னலுக்கும் கண்ணாடி இவர்தான் செய்தார், 1994இல் முடித்திருக்கிறார். கறுப்புக்காரர் கறுப்பே போடவில்லை, கண்ணாடியைச் சேர்க்கிற ஈயப் பட்டையையும் இரும்புக் கம்பியையும் தவிர. கலரும் கிடையாது. பால் கலந்த மாதிரி ஒரு கண்ணாடி, வெளியே எதுவும் தெரியாது, வெளிச்சம் மட்டும் உள்ளே பரவும். வீட்டுக்காரிக்கு அது பிடித்தது. "இதை முதலில் காட்டியிருந்தால் நேற்றே எனக்குப் புரிந்திருக்குமே" என்றாள். மகளுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

இங்கே வந்து சின்னவள் கொடுத்த புத்தகத்தைப் புரட்டினால் ஒன்றுமில்லை. நல்ல ஆர்ட் பேப்பர், நல்ல அச்சு, ஆனால் செத்த கறுப்பு. ஒரு நொடியின் வெளிச்சத்தைப் பிடித்து ஒட்டிவைத்திருக்கிறார்கள். நான் தலையைத் திருப்பினாலும் அது திரும்பவில்லை. அதனால் உனக்குப் போட்டோ அனுப்பவில்லை. அனுப்பினால் நீயும் தார் என்பாய்.

உன் பையன் பட்டறைக்கு வரமாட்டேன் என்கிறான் என்று எழுதியிருந்தாய். மெஷின் தூசியை நினைத்தால் அவன் சொல்வதும் சரிதான் என்று படுகிறது, கோபித்துக்கொள்ளாதே. என் பிரஷ்களை ஃப்ளெக்ஸ் வந்து தின்றபோது நானும் கத்தினேன். உன் தொழிலில் கை இன்னும் இருக்கிறது, அதுவரை செய்.

ஒரு உதவி. கழிவுக் கல்லில் ஒரு துண்டு, சாப்பாட்டு டப்பா அளவுக்கு இருந்தால் போதும். பாதிக்கு பாலிஷ் போட்டு, பாதியைச் சிற்றுளியால் வரிவரியாகக் கொத்தி எடுத்து வை. ஓணம் முடிந்து அக்கா மகன் நாகர்கோவில் எக்ஸ்பிரசில் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடு. கனமாக இருக்கிறது என்று முனகுவான், கேட்காதே. எங்கள் மேற்கு ஜன்னலில் மழை விட்டால் நாலரை மணிக்கு வெயில் வரும். அங்கே வைக்கப்போகிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்
செல்லப்பன்